அறுபத்து மூன்று பாட்டுக்கு ஒரு பெட்டி

காலை ஏழேகாலுக்கு மாமியும் றஞ்சிதமும் கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினால், இரண்டு மணிவரை அந்த வீட்டில் ஆள் இல்லை. நான் இருந்தேன். ஆனால் ஆளில்லாத வீடு என்ன சத்தம் போடுமோ, அதற்கு மேல் ஒரு சத்தமும் நான் போடக் கூடாது.

குழாயைத் திறக்கக் கூடாது. கக்கூசுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கதிரையை இழுக்கக் கூடாது. முக்கியமாக, நடக்கக் கூடாது. எங்களுக்கு நேர் கீழ்மாடியில் வீட்டுக்காரி புளோறன்ஸ் அன்ரி இருந்தார். புருசன் செத்த பிறகு தனியே இருப்பவர். றேடியோகூடப் போட மாட்டார். மேலே ஒரு கரண்டி விழுந்தால் படிக்கட்டில் வந்து நின்று, "என்னா விழுந்திச்சு?" என்று கேட்பார்.

கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிற தமிழர் எல்லாரும் பொலிஸுக்கு ஒரு படிவம் கொடுக்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர், யார் யார், எந்த ஊர். வீட்டுக்காரரும் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் படிவத்தில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன: என் அப்பாவின் தங்கை பாலேஸ்வரி மாமி, அவருடைய மகள் றஞ்சிதம். மாமா கட்டாரில். "ரெண்டு பேர்தான். வடக்கில இருந்து வேற யாரும் வந்தா லொட்ஜுக்குப் போகச் சொல்லு. பொலிஸ் வந்தா என்னத்தான் கேக்கிறான்" என்று புளோறன்ஸ் அன்ரி முதல் நாளே சொல்லியிருந்தார்.

நான் மூன்றாவது ஆள். தொண்ணூற்றெட்டு மாசியில், வவுனியாவில் கொழும்பில் தங்க ஒரு மாதப் பாஸ் எடுத்துக்கொண்டு வந்தேன். சுவிஸில் இருக்கும் அண்ணா கூப்பிடுவதாக ஏற்பாடு. பாஸ் முடிந்துவிட்டது. அண்ணாவின் ஏற்பாடு முடியவில்லை. அடையாள அட்டை எடுக்க வேண்டிய வயதில் நாங்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம். பிறப்புப் பத்திரம் இருந்த சூட்கேஸ் கிளிநொச்சியில் ஏதோ ஒரு மரத்தடியில் நின்றுவிட்டது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றது. என் பெயர் சிவரூபி என்று சொல்ல என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. நானேதான் சொல்ல வேண்டும். எனக்கோ அதுவும் வராது. வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது என் "ஓம் ரீச்சர்" இரண்டாம் வாங்குக்குக்கூடக் கேட்டதில்லை.

அந்த ஏழு மணித்தியாலமும் நான் பாயில் உட்கார்ந்து கொப்பி எழுதினேன். முதலில் சும்மா எழுத்து. பிறகு படம். பென்சில்தான் மிகவும் சத்தமில்லாத சாமான்.

படக்கதை தொடங்கியது றஞ்சிதத்தால். அவளுக்கு மார்கழியில் ஓ.எல். பரீட்சை. இலக்கியப் பாடத்தில் ஒரு பழைய காவியத்திலிருந்து ஒன்பது படலங்கள் வைத்திருந்தார்கள். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்தக் காவியத்தால் வந்த வினை போதும். கதை சின்னது. வல்லி என்பவள் உப்பு வணிகனின் மகள். உப்பு விற்க ஒரு கோட்டை நகருக்குள் வருகிறாள். அன்றைக்கே பகைவர் சேனை வந்து சூழ்ந்துகொள்ள, வாயில் கதவை மூடிவிடுகிறார்கள். வந்தவள் உள்ளே அகப்பட்டுவிடுகிறாள். இவள் பகைவரின் ஒற்று என்று நகரத்தார் சந்தேகப்படுகிறார்கள். வெளியே நிற்கிற சேனைக்கும் இவள் யாரென்று தெரியாது. நூறு நாள்.

இந்தச் சின்னக் கதையைப் புலவர் ஆறுதலாகப் பாடியிருந்தார். கதவை மட்டும் அறுபத்து மூன்று பாட்டில் பாடியிருந்தார்.

"கதவு எண்டால் கதவுதானேடி. அதுக்கு என்னத்துக்கு இவ்வளவு?" றஞ்சிதம் புத்தகத்தைக் கட்டிலில் எறிந்தாள். "மச்சாள், நீ வாசிச்சுப்போட்டு எனக்குக் கதையைச் சொல்லு."

கதையைச் சொல்ல எனக்கு வெட்கம். "படமாக் கீறித் தாறன்" என்றேன்.

அப்படித்தான் அந்த அறுபத்து மூன்று பாட்டும் என் சி.ஆர். கொப்பியில் ஒரு பெட்டிக்குள் வந்தன. ஒரு பக்கத்துக்கு ஆறு பெட்டி. பேச்சு இருந்தால் பாட்டிலிருந்தே நாலு சொல்லை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் எழுதினேன். மற்றதெல்லாம் படம்.

முதலில் பிழை விட்டேன். 'யானைச் செவிபோல் அகன்ற கதவு' என்று ஒரு பாட்டு. நான் கதவுக்குப் பக்கத்தில் உண்மையாகவே ஒரு யானையைக் கீறிவிட்டேன். றஞ்சிதம் தவணைப் பரீட்சையில், 'வாயிலில் ஒரு யானை கட்டப்பட்டிருந்தது' என்று எழுதி ரீச்சரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஆனை எங்கயிருந்து வந்ததெண்டு கேட்டவ. நான் என்னத்தைச் சொல்ல? என்ர மச்சாள் கட்டி வைச்சவள் எண்டு சொல்லவா?"

அன்றிலிருந்து உவமைகளைப் பெட்டிக்கு வெளியே, புள்ளிக் கோட்டுக்குள் கீறினேன்.

கதவுக்கும் காவலுக்கும் மாதிரி வேண்டியிருந்தது. நான் கோட்டை பார்த்ததில்லை. யன்னலின் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளியால் காலி வீதி முனையில் பொலிஸ் காவல் நிற்கிற சென்றி தெரியும். அதைப் பார்த்துக் கீறினேன். மண்மூட்டை அடுக்குகளைக் கல்மதிலாக்கினேன். வீதிக்குக் குறுக்கே போட்ட தடியைக் கணைய மரமாக்கினேன். மண்மூட்டைக்கு மேல் யாரோ ஒரு பிஸ்கட் ரின்னில் குரோட்டன் செடி வைத்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்ததால் அப்படியே விட்டேன். வாயிற்காவலர் எழுவர் என்று பாட்டில் இருந்தது. எனக்குத் தெரிந்த காவலன் ஒருவன்தான். கட்டையாய், முன்பல் இரண்டும் கொஞ்சம் வெளியே தள்ளி, வெயிலுக்கு முழங்கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்பவன். தொப்பியைத் தலைப்பாகையாக்கி, துவக்கை வேலாக்கி, எழுவருக்கும் அவன் முகத்தையே வைத்தேன்.

வல்லியின் முகத்தை மட்டும் கீறவில்லை. எல்லாப் பெட்டியிலும் அவள் முதுகும் கொண்டையும் தலையில் உப்புக் கூடையும்தான்.

"இவளுக்கு முகமே இல்லையா?" என்று றஞ்சிதம் கேட்டாள்.

"பிறகு கீறுவன்."

அவள் என்னைக் கேட்காமலே கொப்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனாள். பின்னேரம் வந்து, "எல்லாருக்கும் வேணுமாம்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் கொப்பியை யாரோ தெரியாத பிள்ளைகள் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அழுதேன். அவளும் பக்கத்தில் இருந்து, "சொறி மச்சாள், சொறி" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸாலிஹ் நானாட்டைப் போட்டோக்கொப்பி அடிக்கவா?" என்று கேட்டாள்.

ஸாலிஹ் நானாவின் கடை எங்கள் கட்டிடத்தில் தெருமட்டத்தில் இருந்தது. ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு ரெலிபோன். எங்களுக்கு வரும் சுவிஸ் கோல் எல்லாம் அங்கேதான் வரும். நாற்பது பக்கத்துக்கு மேல் அவர் அடித்துக் கொடுத்தார்.

வகுப்புப் பிள்ளைகள் அதை வாசித்தார்கள். ஆனால் எல்லாரும் பிழையாக வாசித்தார்கள். படக்கதை வாசித்துப் பழக்கமில்லாதவர்கள். பேப்பரில் செய்தி வாசிப்பதுபோல ஒரு பத்தியாக மேலிருந்து கீழே போய், பிறகு அடுத்த பத்திக்கு வந்தார்கள். அதனால் வல்லி கோட்டைக்குள் வரமுதல் உள்ளே இருந்து அழுதாள். கதவை மூடின பிறகு உப்பு விற்றுக்கொண்டு வந்தாள்.

"ஒருத்திக்கும் ஒழுங்கு விளங்கேல்லை. நீ ஏதாவது செய்" என்றாள் றஞ்சிதம்.

ஆகவே சிவப்புப் பேனையால் ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கம் போட்டேன். ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு அம்புக்குறி கீறினேன். வாயில் பக்கத்தில் பெட்டிகள் ஒழுங்காக இல்லை. கதவு பெரிய பெட்டி. அதைச் சுற்றிச் சின்னப் பெட்டிகள். அதனால் அந்தப் பக்கத்தில் மட்டும் ஒன்பது அம்புகள். மதிலுக்கு இடப்பக்கத்தால் வந்து, காவலனைச் சுற்றி, தடிக்குக் கீழால் உள்ளே போயின. றஞ்சிதம் அதைத் திரும்பவும் ஸாலிஹ் நானாவிடம் கொடுத்து அடித்தாள்.

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்து, இப்போது விளங்கும் என்று நினைத்தேன்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் மாமி இரத்மலானையில் இருந்த கம்பனிக் களஞ்சியத்துக்குக் கணக்கெடுப்புக்குப் போவார். றஞ்சிதம் தெஹிவளையில் ரியூசன் முடித்து ஒரு மணிக்கு வந்துவிடுவாள். ஒன்றரை ஆயிற்று. இரண்டு ஆயிற்று. நான் பாயில் இருந்தேன். கால் மரத்துப் போயிருந்தது.

இரண்டேகாலுக்குப் படியில் செருப்புச் சத்தம். றஞ்சிதத்தின் நடை இல்லை. கதவில் தட்டினார்கள். நான் மூச்சைப் பிடித்தேன்.

"புள்ள." ஸாலிஹ் நானாவின் குரல், கதவோடு வாயை வைத்துப் பேசுவதுபோல. "உள்ள ஆள் ஈக்கிறது எனக்குத் தெரியும். பயப்படாதீங்க. அந்தப் படமெல்லாம் றஞ்சிதம் புள்ளட கை இல்ல. அதுக்குத் தன்ட பேரையே நேரா எழுத வராது."

நான் அசையவில்லை.

"சென்றியில புடிச்சிட்டாங்க. பேக்குக்குள்ள ஒங்கட படம். சென்றிய அடிக்க வழி காட்டுற பிளேன் எண்டு சொல்றாங்க. அம்புக்குறியெல்லாம் போட்டு, இலக்கம் போட்டு... யா அல்லாஹ், நானே அடிச்சுக் குடுத்தேன், எனக்கே இப்பதான் அது வெளங்குது. ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க."

அம்புகள். நான் என் சிவப்புப் பேனையைப் பார்த்தேன். பாயில் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"யார் கீறினது எண்டு கேக்கிறாங்களாம். அது சொல்லுதில்ல. நான்தான் கீறினேன் எண்டு நிக்குதாம். சரி, கீறிக் காட்டு எண்டு பென்சிலக் குடுத்திருக்காங்க. அதுக்கு ஒரு சட்டி கீறத் தெரியுமா? இப்பப் பொய் சொன்னதும் சேர்ந்து போச்சு. ஒங்கட மாமிக்குப் போன் பண்ணினேன். எடுக்கிறாங்க இல்ல. நான் ஒங்கள வெளிய வாங்க எண்டு சொல்ல மாட்டேன் புள்ள. ஒங்களுக்கு என்னா காகிதம் ஈக்கு, இல்லை, எனக்குத் தெரியாது. இருட்ட முதல் அந்தப் புள்ளய எடுக்கணும். அவ்வளவுதான்."

பாஸ் இல்லாதவர்களை அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். லொட்ஜுகளில் பிடித்தவர்களைப் பற்றி மாமி சாப்பிடும்போது சொல்லுவார். சிலரை வவுனியாவுக்கு பஸ் ஏற்றினார்கள். சிலரை ஏற்றவில்லை, அவர்கள் எங்கே என்று பிறகு தெரியவுமில்லை. ஆனால் றஞ்சிதம் என் பெயரைச் சொல்லவில்லை. மூன்று நாள் முன் தலைமயிருக்கு எண்ணெய் வைக்கும்போது, "உன்னை நான் சாகும்வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்று பகிடியாகச் சொன்னவள்.

பாயிலிருந்து கதவு பதினொரு அடி. எத்தனையோ நாள் கண்ணால் அளந்து வைத்திருந்தேன். மேசையிலிருந்து மூலக் கொப்பியை எடுத்தேன். நடந்தேன். மரத்த கால் தரையில் தொப்புத் தொப்பென்று விழுந்தது. நாலாவது அடியில் கீழே கதிரை ஒன்று தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. எட்டாவது அடியில் புளோறன்ஸ் அன்ரியின் கதவு திறந்தது. நான் நிற்கவில்லை.

கதவு வெளியே பூட்டியிருந்தது. நான் தாழ்ப்பாளைத் திருப்பினேன். திறப்பு ஒன்று மாமியிடம், மற்றது றஞ்சிதத்திடம். அதை மறந்தே போனேன்.

"நானா," என்றேன். ஆறு மாதத்தில் வெளியாளோடு பேசிய முதல் சொல். "பூட்டு."

"என்கிட்டத் தெறப்பு இருக்கு." படிக்கட்டிலிருந்து புளோறன்ஸ் அன்ரியின் குரல். மூச்சு வாங்கியது. "என்ட வீடு. என்கிட்ட இல்லாம யார்கிட்ட இருக்கும்?"

கதவு திறந்தது. வெள்ளைப் பூப்போட்ட ஹவுஸ்கோட்டில் அவர் என்னைக் கால் முதல் தலைவரை பார்த்தார். கோபமா, பயமா என்று தெரியவில்லை.

"எத்தன நாளா?"

"மாசியில இருந்து, அன்ரி."

அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஸாலிஹ் நானா, "பொறகு பேசுவோம் அன்ரி" என்று சொல்லி என்னை முன்னே விட்டார். வெயில் கண்ணைக் குத்தியது. தெரு மேலிருந்து பார்த்ததைவிட அகலமாக இருந்தது. எனக்கு நடக்கிற வேகம் தெரியவில்லை. ஒரு முறை அவரின் முதுகில் முட்டினேன்.

பொலிஸில் றஞ்சிதம் ஒரு வாங்கில் இருந்தாள். பின்னல் ஒன்று அவிழ்ந்திருந்தது. என்னைக் கண்டதும் "ஐயோ, ஏன் வந்தனீ" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு தாளில் அவள் கீறிய காவலன். காவலன் என்று நான் ஊகித்தேன். பப்பாசி மரம் என்றும் சொல்லலாம்.

மேசைக்குப் பின்னால் இருந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். போட்டோக்கொப்பி வாயில் பக்கத்தை என் முன்னால் போட்டார். "கவுத அந்தே?"

யார் கீறினது என்று கேட்கிறார். நான் என் நெஞ்சில் விரலை வைத்தேன்.

அவர் நீளமாக ஏதோ கேட்டார். ஸாலிஹ் நானா தமிழில் சொன்னார். "யாருக்குக் கீறினாய், யார் கேட்டது, இந்த அம்புக்குறி எந்த வழி எண்டு கேக்கிறார். பேசுங்க புள்ள."

வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. அவர் மேசையில் தட்டினார். ஸாலிஹ் நானா என் பக்கம் குனிந்து, "பேசாட்டி நாம எல்லாம் இங்கதான்" என்றார்.

நான் மூலக் கொப்பியை விரித்து அவர் முன்னால் வைத்தேன். முதல் பக்கம். முதல் பெட்டியில் விரலை வைத்தேன். உப்புக் கூடையோடு ஒருத்தி நடந்து வருகிறாள். அம்பின் மேலே விரலை இழுத்து இரண்டாவது பெட்டிக்குக் கொண்டு போனேன். கோட்டை தெரிகிறது. மூன்றாவது. அவர் முதலில் என் விரலைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிப் படத்தைப் பார்த்தார். பக்கம் திருப்பினேன். விரல் போகப் போக அவர் கண்ணும் போனது. ஐந்தாம் பக்கத்தில் அவர் என் கையைத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்தார்.

வாயில் பக்கம் வந்தது. ஒன்பது அம்பு. அவர் விரல் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போய், காவலனைச் சுற்றி, தடிக்குக் கீழால் போய், கடைசிப் பெட்டியில் நின்றது. கடைசிப் பெட்டியில் வல்லி ஒரு மூலையில் உட்கார்ந்து தன் உப்பையே ஒரு கல் எடுத்து வாயில் போடுகிறாள். அவ்வளவுதான். அவர் திரும்பவும் ஒன்றுக்குப் போய் மறுபடி வந்தார். பிறகு புள்ளிக் கோட்டுக்குள் இருந்த யானைச் செவியைக் காட்டி என்னவென்று கேட்டார். ஸாலிஹ் நானா, "அது ஒரு மாதிரி... கதவு பெருசு எண்டு காட்ட" என்று எப்படியோ சிங்களத்தில் சொன்னார்.

"அஹ்." அவர் குரல் கொடுத்து ஒருவனைக் கூப்பிட்டார்.

வந்தது என் காவலன்.

இவ்வளவு நாளும் அவனை மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். நேரே பார்த்தால் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கழுத்தெல்லாம் வேர்க்குரு. சப்-இன்ஸ்பெக்டர் கொப்பியை அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். தலைப்பாகை கட்டிய ஏழு பேர். ஏழு பேருக்கும் முன்பல் இரண்டும் வெளியே. ஒருவன் முழங்கையைத் தூக்கி நெற்றியில் வைத்திருக்கிறான். அங்கே நின்ற பொலிஸ்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். யாரோ ஒருவர் "மஹ ரஜ்ஜுருவனி!" என்று அவனை மகாராசாவாக்கிக் கும்பிட்டார். அறையே சிரித்தது. றஞ்சிதம்கூடக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதபடி.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாக, கண்ணை மட்டும் உயர்த்தி, மேலே எங்கோ ஒரு யன்னலைத் தேடுவதுபோலப் பார்த்தான். எங்கேயிருந்து கீறியிருக்க வேண்டும் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். வல்லி மூடிய கதவுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு வெறுந்தாள்.

"ஏன் இவளுக்கு முகம் இல்லை? யாரை மறைக்கிறாய்?" அவர் கேட்டதை ஸாலிஹ் நானா தமிழில் சொன்னார்.

நான் அதற்குப் பிறகு வந்த வெறுந்தாளைக் காட்டினேன்.

"ஈட்ட பஸ்ஸே?" அதற்குப் பிறகு? அவர் வெறுந்தாளில் விரலால் தட்டினார்.

"கதவு திறக்கும்," என்றேன். குரல் எங்கேயிருந்து வந்ததோ தெரியாது. "அவள் தனிய வெளிய போவாள். இரண்டு பக்கமும் சேனை நிக்கும். ஒருத்தரும் அவளைத் தெரியாது எண்டு சொல்லுவினம். அவள் தன்ர பெயரைச் சொல்லிக்கொண்டு போவாள்."

ஸாலிஹ் நானா அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் அவர் பேனையை எடுத்தார். இப்போது சிரிப்பு இல்லை.

"சரி. உன்ட பெயரைச் சொல்லு." ஸாலிஹ் நானாவைக் கொண்டே கேட்டார்.

"சிவரூபி."

"அடையாள அட்டை?"

"இல்லை."

"எந்த வீடு? யாரோடு?"

றஞ்சிதம் என் கையைப் பிடித்தாள். சொன்னால் மாமியின் படிவம் பொய். சொல்லாவிட்டால் நான் ஊரும் வீடும் இல்லாத ஆள். அவர் என் கையைப் பிடித்த றஞ்சிதத்தைப் பார்த்து, அவள் வீட்டுப் படிவக் கோப்பை எடுத்துவரச் சொன்னார். எங்கள் தெரு, எங்கள் இலக்கம், இரண்டு பெயர். அவர் விரல் இரண்டாவது பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் நின்றது. வீட்டுக்காரியைக் கூட்டிவர ஆள் போனது.

ஆறு மணிக்குப் புளோறன்ஸ் அன்ரி வந்தார். ஹவுஸ்கோட்டை மாற்றிப் பூசைக்குப் போகிற சட்டை போட்டிருந்தார். மாமியும் பின்னால் வந்தார், முகம் சாம்பல். சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் காட்டிக் கேட்டார். புளோறன்ஸ் அன்ரி என்னைப் பார்க்காமலே சிங்களத்தில் பதில் சொன்னார். நீளமாக, கையை ஆட்டி, ஒரு முறை அவரையே அதட்டுவதுபோலவும் சொன்னார். என்ன சொன்னார் என்று ஸாலிஹ் நானா பிறகுதான் சொன்னார்: 'என்ட வீட்டுப் புள்ள. மூணாவது பேர எழுத நான்தான் மறந்தேன். வயசாச்சு.' ஆறு மாதமாகத் தலைக்கு மேல் ஒருத்தி இருந்தது தெரியாது என்று சொன்னால் அவரையும்தான் உள்ளே வைத்துக் கேட்பார்கள். அதனால் சொன்னாரா, வேறு எதனாலும் சொன்னாரா, நான் கேட்கவில்லை.

படிவத்தில் மூன்றாவது பெயர் எழுதப்பட்டது. அட்டை கிடைக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் நான் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். தெருவைத் தாண்டிப் போவதென்றால் கேட்டுவிட்டுப் போக வேண்டும். கொப்பியைச் சணலால் கட்டி இலக்கம் ஒட்டினார்கள். அது திரும்பி வராது. கடைசியாக சப்-இன்ஸ்பெக்டர் விரலை ஆட்டி, தெரிந்த தமிழில் நேரே சொன்னார்:

"கதவு கீற வேணாம். சென்றி கீற வேணாம். ஹரித?"

சரியா என்று கேட்கிறார். தலையாட்டினேன்.

திரும்பி வந்து படியேறும்போது புளோறன்ஸ் அன்ரி தன் கதவில் நின்று மாமியிடம், "நீ பேசாத. ஒன்னோட நாளைக்குப் பேசறன்" என்றார். என்னிடம், "இனி மூணு பேராவே நட. மேல பேய் இருக்குன்னு பூசை வைக்கலாமான்னு யோசிச்சிட்டிருந்தேன்" என்றார்.

திங்கட்கிழமை, பத்து மணிக்கு, ஆளில்லாத வீட்டில் முதல் முறையாக நடந்தேன். சுவரிலிருந்து சுவருக்கு. பதினொரு அடி, திரும்பப் பதினொரு அடி. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து புளோறன்ஸ் அன்ரி கூட்டுகிற தும்புத்தடியால் முகட்டில் இடித்தார். நான் உட்கார்ந்தேன்.

யன்னல் சட்டங்களை இப்போது மூடியே வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேஷனுக்குப் போகும்போது அவன் சென்றியில் நிற்பான். தலையைக் குனிந்து போவேன். ஒருநாள் நிமிர்ந்து பார்த்தேன். அவன் எங்கள் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரோட்டன் ரின்னை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"மச்சாள், இன்னும் நாலு படலம் இருக்கு," என்றாள் றஞ்சிதம் புரட்டாதியில். "நான் ஆனையைக் கட்டிப்போட்டு வரவா?"

ஸாலிஹ் நானா மெஷினைத் தொட விடமாட்டேன் என்றார். ஆகவே ஒரே ஒரு கொப்பி. ஞாபகத்திலிருந்து முதலிலிருந்தே திருப்பிக் கீறினேன். அம்புக்குறி இல்லை, இலக்கமும் இல்லை. பெட்டிகளை நேராக ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன், பக்கத்துக்கு இரண்டு. வாயில் பக்கத்தைக் கடைசிக்குத் தள்ளி வைத்தேன். அது வந்தபோது கை நின்றுவிட்டது. வேறு கதவு கீறிப் பார்த்தேன். கோயில் வாசல் மாதிரி ஒன்று, பங்களா கேற் மாதிரி ஒன்று. இரண்டையும் அழித்தேன். கடைசியில் பக்கம் முழுவதும் ஒரே பெட்டி கீறி, உள்ளே ஒன்றும் வைக்காமல் விட்டேன். அறுபத்து மூன்று பாட்டுக்கும் வெறும் வெள்ளை. அடுத்த தாளில் வல்லி வெளியே வருகிறாள். அங்கேதான் முதல்முறையாக அவள் முகத்தைக் கீறினேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் சென்றி இல்லை. ரியூசனுக்குக் கொண்டு போவதில்லை என்று றஞ்சிதத்திடம் சத்தியம் வாங்கினேன். கொப்பி வகுப்பில் கையோடு கையாகப் போனது. மூன்று கிழமைக்குப் பிறகு திரும்பி வந்தது.

வெற்றுப் பெட்டி வெறுமையாக இல்லை.

யார் தொடங்கினார்கள் என்று றஞ்சிதத்துக்கும் தெரியாது. இடப்பக்கக் கீழ் மூலையில் ஒருத்தி பாலத்தடிச் சென்றியைக் கீறியிருந்தாள். கீழே வாய்க்கால் தண்ணீருக்கு மூன்று வளைகோடு. அதன்மேல் இன்னொருத்தி கொட்டாஞ்சேனைக் கோயில் சந்தியில் இருப்பதைக் கீறியிருந்தாள். மண்மூட்டைக்குப் பின்னால் சுரூபத்தின் தலை தெரிந்தது. கல்கிசைக்காரி ஒருத்தி ரெயில் கடவையை வைத்திருந்தாள். மருதானை ஸ்டேஷன் படி ஒன்று. வவுனியா என்று நினைக்கிறேன், நீளமான வரிசையும் ஒரு மேசையும். ஒருத்திக்கும் கீறத் தெரியாது. தடி தடியாக, ஒன்றன்மேல் ஒன்றாக, இடமில்லாமல் நெருக்கி, பதினொரு வாயில்.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாளவை," என்றேன்.

"நான் சொன்னனான் கீற வேண்டாமெண்டு." றஞ்சிதம் தலையைக் குனிந்தாள். "அந்தத் தண்ணி மட்டும் நான்."

மாமி வரமுதல் அழிக்க வேண்டும். அழிறப்பரை எடுத்தேன். முதலில் பாலத்தை அழித்தேன், றஞ்சிதத்தின் வாய்க்காலை, பிறகு ரெயில் கடவையை. ஒவ்வொன்றையும் அழிக்க முன் ஒருமுறை நன்றாகப் பார்த்தேன். சிலர் பென்சிலை அழுத்தி எழுதியிருந்தார்கள்; கோடு போனாலும் தடம் போகவில்லை. திரும்பத் திரும்பத் தேய்த்தேன். றப்பர் தூள் பாயெல்லாம் விழுந்தது. கீழே புளோறன்ஸ் அன்ரிக்கு இந்தச் சத்தம் கேட்குமா என்று ஒருமுறை நினைத்தேன்.

வவுனியா வரிசையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தாள் கிழிந்தது. ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதற்குள்ளால் அடுத்த பக்கத்து வல்லியின் ஒரு கண் தெரிந்தது.

றஞ்சிதம் ஒட்டுவதற்கு ரேப் எடுத்து வந்தாள். "விடு" என்றேன்.